மாம்பழம் யாருக்கு?

இந்தியாவில் தினமும் ஒரு தட்டச்சுத் தேர்வு நடக்கிறது. ஏசி வகுப்புக்காரர்களுக்குக் காலை 10 மணி, மற்றவர்களுக்கு 11 மணி. பாடத்திட்டம் எளியது: பெயர், வயது, ஆணா பெண்ணா, கைபேசி எண், கோணல்மாணலாக நெளியும் சில எழுத்துகள், கடைசியில் பணம். டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் முதல் வகுப்பில் பாஸ் செய்தவர்கள்கூட இந்தத் தேர்வில் வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் வருகிறார்கள். தேறியவர் நாளைக்குத் தன் சொந்த ஊருக்குப் போகலாம். தேறாதவர் ஆம்னி பஸ்காரர் சொல்லும் விலையைக் கொடுக்கலாம். தேர்வின் பெயர் தட்கல்.

1997இல் தட்கல் வந்தபோது சொன்ன காரணம் நல்ல காரணம். ஊரில் சாவு, ஆஸ்பத்திரியில் அம்மா, திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும் என்று தந்தி மாதிரி வந்து நிற்கும் ஓர் உத்தரவு. இப்படி ஓடுகிறவர்களுக்காகச் சில இருக்கைகளை எடுத்துவைப்போம், கொஞ்சம் கூடுதல் காசு வாங்கிக்கொள்வோம் என்றார்கள். கூடுதல் காசு மட்டும் இன்றுவரை சொன்ன சொல் தவறாமல் வசூலாகிறது. கன்ஃபார்ம் ஆன தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் சல்லிக் காசு திரும்பி வராது. அம்மா அதற்குள் தேறிவிட்டால் அது உங்கள் பாடு.

யாருக்கு அவசரம் அதிகம் என்று ரயில்வே இன்று கேட்பதில்லை. யாருக்கு விரல் வேகம் என்று கேட்கிறது. விரலின் வேகத்தைச் சோதிக்க ஆரம்பித்தால் விரலே இல்லாதவன்தான் ஜெயிப்பான். ஜெயித்தான்.

அந்த விரலில்லாதவன் ஒரு சின்ன நிரல். பிரவுசரின் மூலையில் எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். முதல் நாள் ராத்திரியே பயணிகள் விவரத்தை அதனிடம் சொல்லிவைத்துவிடலாம். மறுநாள் படிவம் திரையில் விரிந்த கணத்தில், பக்கத்துக்கு அடியில் ஓடும் குறிகளைப் படித்து எந்தக் கட்டம் பெயருக்கு, எது வயதுக்கு, எது பெர்த் விருப்பத்துக்கு என்று கண்டுபிடிக்கும். ஒவ்வொன்றிலும் அதற்குரியதைப் போடும்; இந்த வித்தைக்குப் பெயர் ஆட்டோஃபில். வெறுமனே போட்டால் தளம் ஒத்துக்கொள்ளாது. கட்டம் காலியாகத்தான் இருக்கிறது என்று அடம்பிடிக்கும். ஆகவே, 'இங்கே ஒருவர் விசையைத் தட்டினார்' என்று ஒரு பொய்ச்சாட்சியையும் கூடவே அனுப்பும். சாட்சி ஏற்கப்படும். நான்கு பேர் குடும்பம் ஒன்று கண் இமைப்பதற்குள் படிவத்தில் குடியேறிவிடும். நீங்கள் அப்போதுதான் மாமியார் பெயரின் மூன்றாவது எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தரகர்கள் மட்டும் இதை வைத்திருந்த காலம் போய்விட்டது. வீட்டுக்கு ஒரு பையன் இதை இறக்கி வைத்திருக்கிறான். இறக்கும்போது அது கேட்கும் அனுமதியை மட்டும் யாரும் வாசிப்பதில்லை: நீங்கள் திறக்கும் பக்கத்தில் இருப்பதையெல்லாம் படிப்பதற்கும் மாற்றுவதற்கும் அனுமதி. ஒரு ஸ்லீப்பர் பெர்த்துக்காக பாஸ்வேர்டும் வங்கி விவரமும் முகம் தெரியாத எவனோ எழுதிய நிரலின் கைக்குப் போகின்றன. "தம்பி, ஆபத்துப்பா" என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். "அப்ப நீங்க டிக்கெட் எடுத்துத் தர்றீங்களா சித்தப்பா?" என்று பதில் வரும். நியாயமான கேள்விதான்.

இதை ரயில்வே எப்படி எதிர்கொண்டது? அங்கேதான் இந்திய நிர்வாக மூளையின் உச்சத்தைப் பார்க்கிறோம். பயணிகள் விவரத்தை நிரப்புவதற்குக் குறைந்தது 25 விநாடி, கேப்ச்சாவுக்குக் குறைந்தது 5 விநாடி, பணம் கட்டக் குறைந்தது 10 விநாடி என்று சில ஆண்டுகளுக்கு முன் விதி போட்டார்கள். அதாவது, வேகமாக நிரப்பக் கூடாது. நிதானமாக நிரப்பினால் மனிதன், முந்தினால் இயந்திரம்.

எவ்வளவு ஆழமான சிந்தனை! மனிதனுக்குக் கை நடுங்குகிறது, சிக்னல் போகிறது, மனைவி பக்கத்திலிருந்து "லோயர் பெர்த் போட்டீங்களா?" என்கிறாள். இயந்திரத்துக்கு என்ன? காத்திருப்பது என்றால் அதற்கு ஒரு வரி நிரல். 25 விநாடி என்று சொன்னால் 25 விநாடி கண்ணை மூடித் தவம் இருந்துவிட்டு, 26ஆவது விநாடியில் பொத்தானை அழுத்தும். உலகத்திலேயே பொறுமையில் மனிதனை எளிதாக வெல்லக்கூடிய ஒன்றைப் பிடிக்க, பொறுமைப் பரீட்சை வைத்தார்கள். ஏற்கெனவே மெதுவாக இருந்தவனை இன்னும் மெதுவாக்கினார்கள். நொண்டிக்குக் கல் கட்டி ஓட்டப்பந்தயத்தைச் சமன் செய்த பெருமை இந்த உலகில் வேறெந்தத் துறைக்கும் கிடையாது.

கேப்ச்சா இன்னும் விசேஷம். நீ மனிதன்தானா என்று மனிதனைப் பார்த்துக் கேட்கும் கருவி அது. அறுபது வயதுக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அது சைபரா 'ஓ'வா என்று பேரனிடம் கேட்கிறார். தப்பாக அடிக்கிறார். மனிதன் இல்லை என்று தீர்ப்பாகிறது. அதே கேப்ச்சாவை மென்பொருள் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. அது மனிதன் என்று சான்றிதழ் பெறுகிறது.

2020இல் ரயில்வே பாதுகாப்புப் படை ஒரு கள்ள மென்பொருளைக் கண்டுபிடித்து அறிவித்தது. அதன் பெயர் முதலில் 'ரேர் மேங்கோ', பிறகு 'ரியல் மேங்கோ'. பயணி விவரத்தையும் பணம் கட்டும் விவரத்தையும் தானே நிரப்பும். கேப்ச்சாவைத் தாண்டும். வங்கியிலிருந்து வரும் ஓடிபியைக் கைபேசியிலிருந்து தானே இழுத்து வந்து உரிய கட்டத்தில் போடும். பல கணக்குகளில் ஒரே நேரத்தில் நுழையும். ஐந்து அடுக்கு விற்பனைச் சங்கிலி, உச்சியில் இருப்பவருக்கு பிட்காயினில் கூலி. இதற்கு முன்னும் பின்னும் ரெட் மிர்ச்சி, பிளாக் டிஎஸ் என்று ஒரு மளிகைக்கடையே பிடிபட்டிருக்கிறது. சோதனை, கைது, பத்திரிகைச் செய்தி, பறிமுதல் செய்த லேப்டாப்புகளுக்குப் பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கும் புகைப்படம். மறுநாள் காலை 10 மணி. மறுபடியும் டிக்கெட் காலி.

மாம்பழம் என்றதும் நமக்குக் கதை தெரியும். உலகத்தை யார் முதலில் சுற்றி வருகிறாரோ அவருக்குப் பழம். நம் பயணி வெகுளியாக மயிலேறிக் கிளம்பினார்: லாகின், கேப்ச்சா, ரயிலைத் தேர்ந்தெடு, பெயர், வயது, மறுபடி கேப்ச்சா, வங்கிப் பக்கம், ஓடிபி, சுற்றிச் சுற்றிச் சுழலும் வட்டம், 'செஷன் எக்ஸ்பயர்டு'. தரகரோ நகரவே இல்லை. சர்வரையே அம்மையப்பனாகப் பாவித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டு போனார். முருகனுக்காவது கோபித்துக்கொண்டு போய் நிற்க ஒரு மலை இருந்தது. அங்கே போவதற்கு டிக்கெட்டும் தேவைப்படவில்லை.

இந்தப் பழக்கடை வரலாற்றில் மறக்கக் கூடாத அத்தியாயம் 2017 டிசம்பரில் வந்தது. 'நியோ' என்ற தட்கல் மென்பொருளை உருவாக்கித் தரகர்களுக்குக் கொடுத்துக் காசு பார்த்ததாக ஒருவரை சிபிஐ கைது செய்தது. அவர் எங்கே வேலை பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்? சிபிஐயில். உதவி புரோகிராமர். அதற்கு முன்னால்? 2007 முதல் 2011 வரை, ரயில்வேயின் டிக்கெட் தளத்தை நடத்தும் ஐஆர்சிடிசியில். வேலி பயிரை மேய்ந்தது என்பது பழமொழி. இங்கே வேலி மேய்வதற்கு மென்பொருளும் எழுதிக் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு.

சரி, 2025க்கு வருவோம். ரயில்வே பெருமையோடு ஒரு புள்ளிவிவரம் வெளியிட்டது: மே 22ஆம் தேதி காலை 10 மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. சாதனை. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னது: தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் நுழைய முயல்வோரில் 50 சதவீதம் வரை தானியங்கி நிரல்கள். தன் கடையில் கூட்டம் அலைமோதுகிறது என்று மார்தட்டிவிட்டு, வந்ததில் பாதி ஆளே இல்லை என்று ஒப்புக்கொண்ட ஒரே வியாபாரி இந்த உலகில் நம் ரயில்வேதான். சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி பயனர் கணக்குகளை முடக்கிவிட்டோம் என்று நாடாளுமன்றத்திலும் சொன்னார்கள். இரண்டரைக் கோடி! ஒவ்வொன்றும் ஒரு படிவத்தை நிரப்பித்தானே உள்ளே வந்திருக்கும்? உள்ளே விடும்போது வாயிலில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் கட்டம் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

தீர்வு வந்தது. வேறென்ன, ஆதார். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டுமே இணையத்தில் தட்கல். 15ஆம் தேதி முதல் ஓடிபி, அதுவும் கவுண்ட்டரில் போய் நிற்பவருக்கும் சேர்த்து என்று அறிவித்தார்கள். முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் தடை. அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடமும் ஆதார்காரர்களுக்கே என்று ஆரம்பித்தார்கள். கோவில்பட்டியில் கவுண்ட்டர் வரிசையில் விடியற்காலையிலிருந்து நிற்கும் பாட்டியிடம் இனி "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பார்கள். பாட்டியின் போன் மகனிடம், மகன் திருப்பூரில், மகன் ஷிப்டில். பின்னால் நிற்பவர் "சீக்கிரம் ஆத்தா" என்பார். தரகரைப் பிடிக்க விரித்த வலையில் முதலில் சிக்குவது இந்தப் பாட்டிதான். எனக்குத் தெரிந்து எந்த வலையும் வேறு விதமாகப் பின்னப்பட்டதில்லை.

அட, ஆதாரும் வந்தது, நிரல்களும் ஒழிந்தன, படிவத்தை எல்லோரும் கையாலேயே நிரப்புகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ராமராஜ்யம். தீபாவளிக்கு முந்தைய நாள் எழும்பூரிலிருந்து நெல்லைக்குப் போகும் ரயிலில் ஒரே ஒரு பெர்த்தாவது கூடியிருக்கிறதா? இல்லை. நூறு இருக்கைக்கு ஆயிரம் பேர் வந்தால் தொள்ளாயிரம் பேர் நின்றே தீர வேண்டும். ஆதார் வந்ததால் நடந்தது இவ்வளவுதான்: அந்தத் தொள்ளாயிரம் பேரும் இப்போது அடையாளம் சரிபார்க்கப்பட்ட தொள்ளாயிரம் பேர். பண்டிகைக்கு முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் தீர்ந்தது என்று ஆண்டுதோறும் பத்திரிகையில் ஒரே செய்தி வருகிறது. தேதியை மட்டும் மாற்றினால் போதும். அச்சுக்கோப்பவர்களிடமும் ஆட்டோஃபில் இருக்கிறது போலும்.

படிவத்தில் பெயரை நிரப்பலாம், வயதை நிரப்பலாம். இல்லாத பெட்டியை எந்த எக்ஸ்டென்ஷன் நிரப்பும்? இந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடாமல் இருக்கத்தான் இத்தனை கேப்ச்சா, இத்தனை ஓடிபி. டிக்கெட் கிடைக்காதவன் ரயில்வேயைத் திட்டக் கூடாது; தரகனைத் திட்ட வேண்டும், தன் நெட் வேகத்தைத் திட்ட வேண்டும், தன் விரலைத் திட்ட வேண்டும்.

பற்றாக்குறையில் ரயில்வேக்கு நஷ்டம் என்று யாராவது நினைத்தால் அவர் அப்பாவி. பிரீமியம் தட்கல் என்று 2014இல் கொண்டுவந்தார்கள். இருக்கை தீரத் தீர விலை ஏறும். தரகர் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் மேலே வைத்தால் குற்றம், ரயில்வே அதைவிட அதிகம் வைத்தால் அது கொள்கை. இருவருக்கும் இடையில் வித்தியாசம் ரசீது மட்டும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டைப் பாருங்கள். இடம் இல்லை என்று தெரிந்தே விற்கிறார்கள். கடைசிவரை இடம் வரவில்லையா, டிக்கெட் தானாக ரத்தாகும், ஆளுக்கு 60 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இணையத்தில் எடுத்ததற்கான கட்டணம் தனி, அதுவும் திரும்பாது. இப்படி ரத்தான வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுகளில் மட்டும் 2021 முதல் 2024 ஜனவரி வரை 1,200 கோடி ரூபாய்க்கு மேல் வந்திருப்பதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டக் கேள்விக்கு ரயில்வேயே பதில் கொடுத்தது. ஓடாத பயணத்துக்கு, உட்காராத இருக்கைக்கு, ஏறாத ரயிலுக்கு 1,200 கோடி. இந்தப் பணத்தைப் பிடிக்கும் நிரல் மட்டும் ஒரு நாளும் 'செஷன் எக்ஸ்பயர்டு' ஆனதில்லை.

இனி சட்டத்தைத் திறப்போம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 143ஆம் பிரிவு: அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்கும் தொழில் செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1989இல் இணைய டிக்கெட்டே கிடையாதே, இந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று ஒரு வழக்கு கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. பொருந்தும் என்று 2025 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. சரியான தீர்ப்பு, ஆயிரம் போலிக் கணக்கு வைத்து ஊரார் இருக்கையைச் சுருட்டுபவனுக்காகக் கண்ணீர் விட நான் தயாராக இல்லை.

ஆனால் அதே சட்டத்தில் கொஞ்சம் முன்னால் புரட்டினால் 57ஆம் பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் அதிகபட்சம் எத்தனை பேர் பயணிக்கலாம் என்று ரயில்வே நிர்வாகம் நிர்ணயிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்க வேண்டும். எழுதியிருக்கிறார்கள். நல்ல பெயிண்ட். அந்த எழுத்தின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எழுதிய எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பேர் நிற்கிறார்கள். அன்ரிசர்வ்டு டிக்கெட் கொடுக்கும் இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது. அதற்கு 25 விநாடி விதி கிடையாது, கேப்ச்சா கிடையாது, ஆதார் கிடையாது. காசு விழுந்தால் டிக்கெட் விழும்.

2025 பிப்ரவரி 15ஆம் தேதி இரவு புது தில்லி ரயில் நிலையத்தில், கும்பமேளாவுக்குப் புறப்பட்ட கூட்டத்தில் நசுங்கி 18 பேர் செத்தார்கள். கொள்ளளவுக்கு மேல் ஏன் டிக்கெட் விற்றீர்கள், 57ஆம் பிரிவு என்ன ஆயிற்று என்று தில்லி உயர் நீதிமன்றம் சில நாட்களில் கேட்டது. 143ஆம் பிரிவை மீறியவனைத் தேடி ஊர் ஊராகப் படை போகிறது, கதவைத் தட்டுகிறது, லேப்டாப்பை எடுக்கிறது. 57ஆம் பிரிவைத் தினமும், ஒவ்வொரு நிலையத்திலும், கவுண்ட்டரில் உட்கார்ந்து ரசீது போட்டு மீறுகிறவர்களின் கதவை எந்தப் படை தட்டியது? பறிமுதல் செய்த பெட்டிகளுக்குப் பின்னால் வரிசையாக நின்று எந்த அதிகாரி படம் எடுத்துக்கொண்டார்? படிவத்தை வேகமாக நிரப்பியவன் குற்றவாளி. பெட்டியை மனிதர்களால் நிரப்பியவன் நிர்வாகி.

இந்த நாட்டில் தடை செய்யப்படாத ஆட்டோஃபில் ஒன்று உண்டு. அதன் பெயர் அவசர ஒதுக்கீடு. அமைச்சர் அலுவலகத்திலிருந்தோ எம்.பி.யிடமிருந்தோ உயர் அதிகாரியிடமிருந்தோ ஒரு லெட்டர்பேடு தாள் போகும். தாளில் ஒரு பெயர், ஒரு பிஎன்ஆர், ஒரு கையெழுத்து. வெயிட்டிங் லிஸ்ட்டில் கிடந்த பெயர் சார்ட்டில் எழுந்து உட்காரும். கோணல் எழுத்தை யாரும் படிக்கச் சொல்லவில்லை. மனிதனா என்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் சில கையெழுத்துகளுக்குச் சிரமமாகத்தான் இருந்திருக்கும். எம்.பி.க்களுக்கோ ஏசி முதல் வகுப்பில் இலவச பாஸ். தட்கல் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை ஒருவர் நிம்மதியாக முடித்துவிடலாம். அப்படி முடித்தவர்கள்தான் பயணிகள் வசதிக் குழுவில் உட்கார்ந்து, படிவத்தில் இன்னும் எத்தனை கட்டம் சேர்க்கலாம் என்று ஆலோசிக்கிறார்கள்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, செலவே இல்லாதது. ரயில்வே அமைச்சரும் வாரியத் தலைவரும் அதன் உறுப்பினர்களும் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, தீபாவளிக்கு முந்தைய நாள் எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஸ்லீப்பரில் போக வேண்டும். பாஸ் செல்லாது, லெட்டர்பேடு செல்லாது, சலூன் பெட்டி கிடையாது. அதற்கு முந்தைய நாள் காலை 11 மணிக்கு அவர்களே உட்கார்ந்து அவர்கள் கையாலேயே படிவத்தை நிரப்பட்டும். 25 விநாடிக்கு முன்னால் பொத்தானைத் தொடக் கூடாது. உதவியாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஓடிபி வரும் போன், கோவில்பட்டிப் பாட்டியின் போனைப் போல, திருப்பூரில் ஷிப்டில் இருக்கட்டும்.

பெரிய மனிதர்கள், கை பழக்கமில்லை, சிரமப்படுவார்கள் என்பதால் ஒரே ஒரு சலுகை. ஒரு கட்டத்துக்கு மட்டும் ஆட்டோஃபில் அனுமதிக்கலாம். பெர்த் விருப்பம் என்ற இடத்தில் நாங்களே நிரப்பி வைத்துவிடுகிறோம்: கழிவறை வாசல், ஒற்றைக் காலில்.